திங்கட்கிழமை எடை

மார்ச் 4

அன்பு மகளுக்கு,

நலம் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் நலமா இல்லையா என்பதற்கு இங்கே டாக்டர் கையெழுத்து வேண்டும். அதனால் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன் என்று மட்டும் என் சொந்தப் பொறுப்பில் எழுதி வைக்கிறேன்.

அடுத்து ஒரு வணக்கம். அது உனக்கு இல்லை. எங்களுக்கு வருகிற கடிதத்தையும் நாங்கள் எழுதுகிற கடிதத்தையும் ஆபீஸ் கிளார்க் ஒருவர் முதலில் படிக்கிறார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அதையே மேஜை முழுக்கத் தேடுகிற ரகம். ஐயா, வணக்கம். முப்பத்தொரு வருஷம் மின்சார மீட்டரைப் பார்த்து எண் மட்டுமே எழுதிய கை இது. எழுத்து கொஞ்சம் அப்படி இப்படித்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இனி உனக்கு. போன மாதம் பார்வையாளர் அறையில் நான் கத்தியது தப்பு. "பெத்த அப்பனையே கையெழுத்துப் போட்டு உள்ள தள்ளிட்டியே" என்றேன். நீ பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனாய், அப்புறம் வரவில்லை. நானாக இருந்தாலும் வந்திருக்க மாட்டேன்.

ரிடையர் ஆன ஆள் விடிந்தும் விடியாமலும் டார்ச்சும் கையுமாக அடுத்தவர் வீட்டுச் சுவரேறிக் குதித்து மீட்டர் படித்துக்கொண்டிருந்தால், மகள் வேறென்ன செய்வாள்? ஏணியா பிடிப்பாள்? மூன்று வாரம் தூங்காத தலை அது. ஊரிலுள்ள மீட்டரெல்லாம் தப்பாக ஓடுகிறது, அது எனக்கு மட்டுமே தெரியும் என்று சத்தியம் செய்த தலை. இந்த மனநல ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், தூக்கம் வந்தது. தூக்கம் வந்த பிறகு வெட்கமும் வந்தது. ஆக, மருத்துவம் வேலை செய்கிறது.

வார்டில் இருபத்திரண்டு பேர். பக்கத்துக் கட்டில்காரருக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறோம். காலையில் கண் விழித்ததும் செய்தி வாசிப்பார். "வணக்கம். ஒன்பதாம் எண் கட்டிலில் கடும் குறட்டை பதிவாகியுள்ளது. உயிர்ச்சேதம் இல்லை." ஒன்பதாம் எண் நான்தான்.

ஒரே ஒரு விஷயம். கோபப்படாமல் படி. ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் ஓர் அட்டை தொங்குகிறது. காய்ச்சல், ரத்த அழுத்தம், அப்புறம் திங்கட்கிழமை எடை. நோயாளிகள் அட்டையைப் படிக்கக் கூடாது என்பது விதி. நானும் படிக்கவில்லை, நடந்து போனேன், கண் தானாக மேய்ந்துவிட்டது. ரேடியோவின் எடை 61, 61, 61, 61. போன எட்டு வாரமும் அதேதான். இங்கே வந்த நாளிலிருந்து ஒருவரைக்கூட எடை பார்த்து நான் கண்டதில்லை.

ஹெட் நர்ஸம்மாவிடம் சொன்னேன். "ஐயா, உங்க வேலை படுக்கிறது. எங்க வேலை எழுதுறது" என்றார். படுத்துக்கொண்டேன். ஆனால் கண் மூட மறுக்கிறது.

அப்பா

---

மார்ச் 8

அப்பாவுக்கு,

கடிதம் வந்தது. மன்னிப்புக் கேட்கிற பக்கத்தை இரண்டு முறை படித்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைக்க மறந்து உட்கார்ந்திருந்தேன்.

மறுபடியும் எண்ணா, அப்பா?

அந்தப் பதினான்கு வீடு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நின்று மன்னிப்புக் கேட்டது நான். நீங்கள் சொன்னதற்காக மின்வாரியத்திலிருந்து ஆள் வரவழைத்துப் பதினான்கு மீட்டரையும் சோதிக்க வைத்ததும் நான். பதினான்கும் சரியாக இருந்தன. அப்போதும் நீங்கள், "சோதிக்கிற மீட்டரே தப்பு" என்றீர்கள். அன்றைக்குத்தான் நான் பயந்தேன்.

டாக்டரிடம் தொலைபேசியில் பேசினேன். தூக்கம் சீராகிவிட்டதாம், மார்ச் கடைசியில் வீட்டுக்கு அனுப்பலாமாம், தொந்தரவு இல்லாமல் இருந்தால் போதுமாம். இன்னும் மூன்று வாரம்தான். அட்டையில் அறுபத்தொன்று என்று எழுதினால் என்ன, அறுநூற்றுப் பத்து என்று எழுதினால் உங்களுக்கென்ன? தபாலாபீஸ் பார்சல் கவுன்ட்டரில் நாள் முழுக்க எடை பார்க்கிறவள் நான். எனக்கே வராத கவலை உங்களுக்கு எதற்கு?

உங்கள் மாப்பிள்ளை மாடி அறைக்கு வெள்ளையடித்து வைத்திருக்கிறார். உத்தரத்தில் பாதி பெயின்ட், அவர் தலையில் மீதி. நீங்கள் வர வேண்டும் என்றுதான் இத்தனையும். தயவுசெய்து வாயை மூடிக்கொண்டு இருங்கள்.

மகள்

---

மார்ச் 12

அன்பு மகளுக்கு,

மாப்பிள்ளையிடம் சொல், மண்ணெண்ணெய் தேய்த்தால் தலையில் இருப்பது போய்விடும். உத்தரத்துக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொல்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. எனக்கென்ன? அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால், உன் அம்மாவிடம்கூடச் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். கிளார்க் ஐயாவும் காதைக் கொஞ்சம் மூடிக்கொள்ளட்டும்.

மீட்டர் எடுக்கப் போகிற வீடு பூட்டியிருந்தால் நோட்டில் 'பூட்டு' என்று போட்டு, போன முறை அளவையே எழுதிவிட்டு வரலாம். அதற்கு விதி உண்டு. எனக்கு இருபத்தாறு வயது, வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. ஊர்க்கோடியில் ஒரு வீடு. அவ்வளவு தூரம் சைக்கிள் மிதிப்பானேன்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே 'பூட்டு' என்று எழுதினேன். அடுத்த முறையும் பூட்டு. இப்படி நான்கு தடவை. ஐந்தாவது தடவை மேலதிகாரி என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே வீடே இல்லை. இடித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வெறும் மண்மேட்டுக்கு நான் யூனிட் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் திட்டவில்லை. "கதவு எங்கப்பா? பூட்டைக் காட்டு, பார்ப்போம்" என்று மட்டும் கேட்டார். இந்த வயதிலும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

அதனால் உட்கார்ந்த இடத்தில் எழுதிய எண்ணைப் பார்த்தால் எனக்குத் தெரியும். அந்தத் திருட்டைச் செய்தவன் நான். நிஜமான எண் கொஞ்சமாவது ஆடும், அப்பா அம்மா சொன்ன பேச்சைக் கேட்காது. நின்ற இடத்திலேயே நிற்கிற எண் டீக்கடையில் பிறந்தது.

ரேடியோ இளைத்துக்கொண்டே போகிறார். கால்சட்டையைக் கட்டுத்துணியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். தம்ளரைப் பிடித்தால் பாதி தரையில் கொட்டுகிறது. இரண்டு நாளாக வாந்தி. "அவருக்கு மாத்திரையை எடைக்குத் தகுந்த மாதிரிதான் கணக்குப் பண்ணிக் கொடுக்குறோம், தப்பே வராது" என்று ஹெட் நர்ஸம்மாவே ஒரு நாள் பெருமையாகச் சொன்னார். எந்த எடை, மகளே? அந்த அறுபத்தொன்றா? இன்று காலைச் செய்தியில் அவருக்கு "வணக்கம்" மட்டும்தான் வந்தது.

இந்தக் கட்டடத்தில் எடைமெஷின் ஒன்றுதான். அது சலவை அறையில் இருக்கிறது, அழுக்குத் துணி மூட்டை நிறுக்க.

வாயை மூடிக்கொண்டிரு என்றாய். இரண்டு நாள் முயற்சி செய்தேன். எனக்கு மூச்சே வாய் வழியாகத்தான் போய் வருகிறது போலிருக்கிறது.

அப்பா

---

மார்ச் 19

அப்பாவுக்கு,

மருத்துவமனையிலிருந்து பதிவுத் தபால் வந்திருக்கிறது. என் கவுன்ட்டருக்கே வந்தது. நானே கையெழுத்துப் போட்டு நானே வாங்கிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலை நீங்கள் நோயாளிகளைத் தூண்டிவிட்டு வார்டு ஒழுங்கைக் கெடுத்தீர்களாம். 'எண்கள் பொய்யானவை என்ற பழைய சந்தேகம் திரும்பியுள்ளது' என்று எழுதியிருக்கிறார்கள். உங்களைப் பின்கட்டிடத்துப் பூட்டிய வார்டுக்கு மாற்ற வேண்டுமாம், குறைந்தது மூன்று மாதம். சம்மதப் படிவம் இணைத்திருக்கிறார்கள். 28ஆம் தேதிக்குள் நான் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

படிவம் மேஜைமேல் இருக்கிறது. பேனாவும் பக்கத்தில் இருக்கிறது. நேற்றிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றி வருகிறேன். போன தடவையும் நீங்கள் இதே குரலில், இதே நிச்சயத்தோடுதான் பேசினீர்கள். நம்பத்தான் செய்தேன். பதினான்கு வீட்டு வாசலில் அந்த நம்பிக்கை போயிற்று.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். எனக்காகச் சொல்ல வேண்டாம், ரேடியோவுக்காகவும் சொல்ல வேண்டாம். இது அந்த மீட்டர் மாதிரியா, இல்லையா?

மகள்

---

மார்ச் 21

அன்பு மகளுக்கு,

என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன்.

திங்கட்கிழமை எல்லாரும் மாத்திரையைப் போட்டுக்கொண்டோம். அது என் கண்டிப்பு. மாத்திரையோடு எனக்குப் பகை இல்லை. அப்புறம் காலைச் சாப்பாட்டுக்கு மணி அடித்தபோது பதினோரு பேர் தட்டைத் தொடாமல் சலவை அறை வாசலில் போய் வரிசையாக நின்றோம். சத்தமில்லை, கோஷமில்லை. ஒருவர் மட்டும் ஒற்றைக் காலில் நின்றார். அது போராட்டமில்லை, அவர் எப்போதுமே அப்படித்தான்.

ஹெட் நர்ஸம்மா ஓடி வந்தார். "என்னய்யா இது? எல்லாரும் போய் உட்காருங்க!"

"உட்கார்ந்தா எடை பார்க்க முடியாதேம்மா" என்றேன்.

"யாரு உங்களை எடை பார்க்கச் சொன்னது?"

"அட்டையில திங்கட்கிழமைன்னு போட்டிருக்கு. இன்னிக்குத் திங்கட்கிழமை. வந்துட்டோம்."

"சாப்பாடு ஆறிடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"எடை பார்த்துட்டுச் சாப்பிடுறோம்மா. அதுதான் சரியான முறையும்கூட."

பெரிய டாக்டரைக் கூட்டி வந்தார்கள். அவர் என்னை மட்டும் பார்த்தார். "வாராவாரம் எடை பார்த்துட்டுதானே இருக்காங்க? அட்டையில இருக்கே?"

"அட்டையில இருக்கு டாக்டர். மெஷின்ல அழுக்கு மூட்டைதான் இருக்கு."

பின்னால் யாரோ சிரித்துவிட்டார்கள். அங்கேதான் கெட்டது. சிரிக்காமல் இருந்திருந்தால் அவருக்கு இறங்கி வர ஒரு படியாவது மிஞ்சியிருக்கும். ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு, "வணக்கம். பதினோரு பேர் அமைதியாக நின்றுகொண்டிருக்கிறார்கள். அசம்பாவிதம் எதுவும்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். தூக்கிக்கொண்டு போனோம். அரிசி மூட்டை கனம் இருக்கும் என்று கையைக் கொடுத்தேன், தலையணை மாதிரி வந்தார். வரிசை கலைந்தது.

எனக்குத் தண்டனை: தோட்டத்தில் நடை இல்லை, பார்வையாளர் இல்லை. கடிதம் மட்டும் உண்டு. அதற்குக் காரணம் கிளார்க் ஐயாவா என்று தெரியவில்லை. ஐயா, நன்றியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உன் கேள்வி. இது அந்த மீட்டர் மாதிரியா?

தெரியவில்லை, கண்ணு.

இரண்டு நாளாக அதைத்தான் நானும் என்னைக் கேட்கிறேன். அப்போதும் இப்படித்தான் நெஞ்சு நிச்சயமாக இருந்தது. ஓடுகிற மீட்டர் தன்னைத் தானே சோதிக்க முடியாது, பக்கத்தில் இன்னொன்றை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எனக்குப் பக்கத்தில் வைக்க உன்னைத் தவிர யாரும் இல்லை. அதனால் என் முடிவைச் சொல்லவில்லை, பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் என் அட்டையை எட்டிப் பார்த்தேன். அன்றைக்கு ஒருவரையும் எடை பார்க்கவில்லை, அதைத்தான் ஊரே பார்த்ததே. ஆனால் அட்டையில் அன்றைய தேதிக்கு நேரே எழுதியிருக்கிறது. 72. மேலே உள்ள எட்டுத் திங்கட்கிழமையும் 72. சேர்க்கை நாளிலும் 72.

உனக்கு என்னைத் தெரியும். நான் எழுபத்திரண்டா?

யோசித்து முடிவு செய். கையெழுத்துப் போட்டாலும் உன்மேல் வருத்தப்பட மாட்டேன். இந்தத் தடவை கத்த மாட்டேன் என்று எழுத்திலேயே கொடுக்கிறேன்.

அப்பா

---

மார்ச் 24

அப்பா,

அந்த எழுபத்திரண்டை எழுதியது நான்.

உங்களைச் சேர்த்த அன்று கவுன்ட்டரில் ஒரு படிவம் கொடுத்தார்கள். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து சுவரிலிருந்த மீட்டரையே முறைத்துக்கொண்டிருந்தீர்கள். எடை என்று ஒரு கட்டம் இருந்தது. மெஷின் எங்கே என்று கேட்டேன். "அது சலவை ரூம்ல இருக்கும்மா. சும்மா ஒரு நம்பர் போடுங்க, உள்ள போனதும் நாங்க பார்த்துக்குறோம்" என்று அந்த அம்மாள் சொன்னார். சும்மா ஒரு நம்பர் போட்டேன்.

அது சும்மா வந்த நம்பரும் இல்லை. நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தீர்களே, அப்போது வேடிக்கைக்கு உங்களைப் பார்சல் மெஷின்மேல் ஏற்றி நிறுத்தினேன். எழுபத்திரண்டு காட்டியது. "எந்த ஊருக்கு அனுப்பப் போறே?" என்று கேட்டீர்கள். அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். அம்மா இருந்தாள்.

ஒரு வாடிக்கையாளர் வந்து 'ரெண்டு கிலோதாம்மா' என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். மெஷினில் வைத்தால்தான் ரசீது. என் அப்பாவுக்கு மட்டும் பதினோரு வருஷத்துப் பழைய எண்ணை எழுதிவிட்டு வந்திருக்கிறேன். அம்மா போன இரண்டு வருஷத்தில் உங்கள் சட்டைக் கழுத்து எவ்வளவு தொளதொளத்துப் போயிற்று என்று உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஞாபகத்துக்கு வருகிறது. வாராவாரம் பார்த்தேன். பார்க்கவே இல்லை. உங்கள் டீக்கடை பெஞ்சில் எனக்கும் இடம் இருக்கிறதா, அப்பா?

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. கிழிக்கவும் இல்லை, அதுவும் ஒரு சாட்சி. என்னிடம் சேர்க்கைப் படிவத்தின் நகல் இருக்கிறது, என் கையெழுத்தில் 72 இருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொண்டு இன்று மருத்துவமனைகளை மேற்பார்வையிடுகிற அலுவலகத்துக்குப் போனேன். மூன்று மாடி, நான்கு ஜன்னல். கடைசி ஜன்னலில் இருந்த டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். ரேடியோ பற்றிச் சொன்னதும் எழுந்து கதவைச் சாத்திவிட்டு எங்கோ போன் போட்டார். அந்த மாத்திரையை இன்று ராத்திரியிலிருந்தே நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கிறார். புதன்கிழமை அவரே நேரில் வருகிறார். நானும் வருகிறேன்.

சலவை அறை மெஷினையும் நான் நம்பப் போவதில்லை. ஆபீஸிலிருந்து முத்திரை குத்திய ஐந்து கிலோ எடைக்கல்லைக் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

கிளார்க் ஐயா, இது உங்களுக்கு. இந்தக் கடிதத்தைப் புதன்கிழமைக்கு முன் அப்பா கையில் சேர்த்துவிடுங்கள். மறுபடியும் கேட்கிறேன், சேர்த்துவிடுங்கள்.

மகள்

---

மார்ச் 31

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை மதியமே வந்தது. கிளார்க் ஐயாவே வார்டுக்கு நடந்து வந்து கொடுத்தார். "கண்ணாடி நெத்தியில இருக்கு ஐயா" என்றேன். "தெரியும்" என்றார்.

புதன்கிழமை நடந்ததை நீ உன் கண்ணாலேயே பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன், இனிக்கிறது. கேட்டில் காவலாளி உன் கைப்பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள இரும்பா வச்சிருக்கே?" என்று கேட்டதும், நீ "ஆமா" என்றதும் வார்டு வரைக்கும் வந்துவிட்டது. அழுக்கு மூட்டையை இறக்கிவிட்டு எங்களை ஒவ்வொருவராக ஏற்றினார்கள். ரேடியோ நாற்பத்தேழு. நான் ஐம்பத்துநான்கரை. ஒற்றைக்கால்காரர் மெஷின்மேலும் ஒற்றைக் காலில்தான் நின்றார். இரண்டு காலையும் வைக்கச் சொல்லி டாக்டரம்மா மன்றாடினார். கடைசியில் அவர் எடை சரியாகத்தான் இருந்தது, அவர் ஒருவர்தான் கொஞ்சமும் மாறாதவர்.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். ஹெட் நர்ஸம்மா என் கட்டிலருகில் வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். "இருபத்திரண்டு கட்டிலுக்கு ரெண்டு பேர் ஐயா நாங்க. மெஷினை இங்க தள்ளிட்டு வரவே ஒரு ஆள் வேணும். அதுக்காக நான் செஞ்சது சரின்னு சொல்லலை" என்றார். மண்மேட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் ரேடியோ விழித்துக்கொண்டார்.

இன்று திங்கட்கிழமை. காலையில் மெஷின் வார்டு நடுவில் வந்து நின்றது. சலவைக்காரர் துணி மூட்டையோடு இங்கே வந்து வரிசையில் நிற்கிறார், எங்களுக்குப் பின்னால். ரேடியோவின் கை ஆடவில்லை. செய்தி முழுசாக வந்தது. "வணக்கம். ரேடியோ நிலையத்தின் எடை நாற்பத்தெட்டு கிலோ. கடந்த வாரத்தைவிட ஒரு கிலோ அதிகம். மக்கள் மகிழ்ச்சி." பெரிய டாக்டர் என்னோடு பேசவில்லை. என் அட்டையில் கையெழுத்துப் போட்டு, பேனாவை மூடி, 'வியாழக்கிழமை போகலாம்' என்பதை நர்ஸம்மாவைப் பார்த்துச் சொன்னார். எனக்கு அதுவே போதும்.

மாத்திரையை வீட்டிலும் போடுவேன். நம் பக்கத்துத் தெருவின் பதினான்கு மீட்டரும் சரியாகத்தான் ஓடுகின்றன என்பதையும் இதன்மூலம் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன். அந்த வாசல்களில் இந்தத் தடவை நானே போய் நிற்கிறேன். சுவரேறாமல், மணி அடித்துவிட்டு. நீ சும்மா துணைக்கு வந்தால் போதும்.

வரும்போது என் பழைய பேன்ட்டைக் கொண்டு வராதே. அதற்குள் இன்னொரு ஆளையும் கூட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். மாப்பிள்ளையுடையது ஒன்று கொண்டு வா.

கடைசியாக, உன் கடிதத்தில் ஒரு கேள்வி கேட்டிருந்தாய். டீக்கடை பெஞ்சில் இடம் உண்டா என்று. இல்லை. நீ செய்தது வேறு. அம்மா போன பிறகு நீ வாராவாரம் வந்து தட்டினாய். "சாப்டீங்களாப்பா?" என்பாய், "ஆச்சு" என்பேன். "தூங்கினீங்களா?" என்பாய், "ம்" என்பேன். அதற்குமேல் யாருக்கும் வழி விடவில்லை நான். ஆள் வந்து, தட்டி, திறக்கவில்லை என்றால் போன முறை அளவையே எழுதலாம். அதற்கு விதியே இருக்கிறது, சொன்னேன் இல்லையா? பூட்டியிருந்தது நான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு வா. திறந்திருக்கும்.

அப்பா